முதல் பக்கத்துப் பெயர்

அக்கா என்னோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. காரணம், நான் அச்சில் போட்ட ஒரே ஒரு சொல். நான் எழுதாத எழுத்தா? எரிவாயுக் கம்பெனிக்காரர்களைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியிருக்கிறேன். அமைச்சருக்குக் கண்டனக் கடிதம் எழுதியிருக்கிறேன். மேய்ச்சல் நிலத்தில் எண்ணெய் கொட்டியதைப் பற்றி எழுதி, ஒரு மாதம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்திருக்கிறேன். அவர்களெல்லாம் ஆறு மாதத்தில் மறந்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் டீ கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அக்கா மட்டும் மறக்கவில்லை.

அந்தச் சொல் அவளுடைய பெயர்.

என் முதல் புத்தகம் வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. வடகோடிப் பனிவெளியான துந்திராவில் பனிமான் மேய்க்கிற வீட்டுப் பெண், தன் நேனெத்ஸ் மொழியிலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள் என்று நகரத்தில் கொஞ்சம் பேச்சாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் தலை கனத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புத்தகம் போடுகிறவர்கள் முதல் பக்கத்தில் அதை யாருக்காவது காணிக்கையாக்குவார்கள். நான் யாருக்கு ஆக்குவேன்? எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். 'என் அக்காவுக்கு' என்று எழுதினேன். அது போதவில்லை. மனசு பொங்கி வந்தது. பக்கத்திலேயே, சின்ன வயதில் அம்மா அவளைக் கூப்பிட்ட பெயரையும் எழுதினேன்.

எங்களில் வளர்ந்த மனுஷியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. குழந்தையாக இருக்கும்வரைதான் பெயர் வெளியே புழங்கும். கல்யாணமானதும் அது உள்ளே போய்விடும், பிறகு பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அக்கா எல்லாருக்கும் 'மியூசெனாவின் அம்மா'. அத்தான் 'மியூசெனாவின் அப்பா'. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வரியை எழுதிய நாளில் அது என் நினைவுக்கே வரவில்லை. அதுதான் நான் செய்த குற்றம். தெரிந்தே செய்திருந்தால்கூட அக்கா ஒரு நாள் மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

புத்தகக் கட்டு மாவு மூட்டைகளோடு ஹெலிகாப்டரில் எங்கள் ஆற்றோரக் கடைக்கு வந்து இறங்கியது. அன்றைக்குப் பார்த்து அக்கா டீத்தூள் வாங்கப் போயிருக்கிறாள். கூடவே அத்தானின் அண்ணன்மார் இரண்டு பேர். கடைக்காரி வெளியூர்க்காரி, எங்கள் மொழி அவளுக்கு அரைகுறை. "உன் தங்கச்சி புஸ்தகம் போட்டிருக்காளாமே" என்று முதல் பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்துவிட்டாள். உச்சரிப்பு சரிதானா என்று கேட்டு இன்னொரு தடவையும் வாசித்தாளாம். புருஷனுடைய அண்ணன்மார் முன்னால், கடை நிறைய ஆட்கள் முன்னால், கல்யாணமான நாளிலிருந்து யார் காதிலும் விழாத பெயர். அண்ணன்மார் குனிந்த தலையோடு வெளியே போனார்கள். அக்கா டீத்தூளைக் கல்லா மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிரித்த கட்டு வாசலில் கிடந்தது; வருகிறவன் போகிறவனெல்லாம் அதைத் தாண்டிக்கொண்டு போனானாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அத்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை இறைச்சி விற்க டவுனுக்கு வருவார். வந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு மூட்டை மீனை உள்ளே தள்ளுவார்.

"அக்கா குடுத்து விட்டாளா, அத்தான்?" என்று கேட்பேன்.

"சே, சே. மீனு நான் புடிச்சது" என்பார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "உப்பு போட்டது யாருன்னு மட்டும் கேக்காத" என்பார்.

உப்பு எப்போதும் எனக்குப் பிடித்த அளவில் இருக்கும். அந்த மீனைத் தின்றுகொண்டே நான் எத்தனை தடவை அழுதிருக்கிறேன் என்று அத்தானுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அக்காவிடம் சொல்லியிருப்பார். அவருக்கு வாயில் எதுவும் நிற்காது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது விடுதிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஹெலிகாப்டர் வந்தது. சத்தம் கேட்டதும் அம்மாவால் ஒருத்தியைத்தான் ஒளிக்க முடிந்தது. சறுக்கு வண்டியில் கிடந்த தோல்களுக்கு அடியில் அக்காவைத் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டாள். அக்காவுக்கு ஒன்பது வயது, ஊசி பிடிக்கத் தெரியும் என்பதாலா, அவள் கிட்டத்தில் நின்றாள் என்பதாலா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுத்து கற்றுக்கொண்டேன். கோடையில் மட்டும் வீடு. நாலாவது குளிர்காலத்தில் மந்தையோடு இடம் மாறும் வழியில் அம்மா செத்துப்போனாள். எனக்குச் செய்தி வந்தது வசந்தத்தில், தோல் விற்க வந்த ஒருவர் மூலமாக. அவர் பள்ளி வேலிக்கு வெளியே நின்று, "உங்கம்மா இப்ப இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழியில் செத்ததால் வழியிலேயே வைத்தார்கள். எங்கள் வம்சத்தாரை வைக்கிற இடம் தூரத்தில் இருந்தது. ஆற்றுவளைவில் ஒரு மேட்டின்மேல் மரப்பெட்டி, மேலே குறுக்குக் கட்டையில் ஒரு மணி, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட அவளுடைய சறுக்கு வண்டி, டீ கெட்டில். அவ்வளவுதான்.

அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரும் அவளுக்குப் பின்னாலேயே போய்விட்டார். பள்ளியில் அம்மா பேர் என்ன என்று கேட்டபோது, "அம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் பட்டியலைப் பார்த்து 'மரியா' என்று எழுதிக்கொண்டாள். கணக்கெடுக்க வந்த எழுத்தர், தன் வாயில் நுழையாத பெண்களையெல்லாம் மரியா ஆக்கிவிட்டிருந்தார். எங்கள் ஆற்றங்கரையில் மட்டும் பதினேழு மரியாக்கள். உண்மையான பெயரைக் கடைசி நாளில் அம்மாவே அக்காவின் காதில் சொன்னாளாம். மற்றபடி அதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அக்கா ஒருத்தி.

போன வருஷம் கம்பெனிக்காரர்கள் எரிவாயுக் கிணற்றுக்குப் புதிதாக ஒரு ரோடு போட அளந்தார்கள். வரைபடத்தில் சிவப்புக் கோடு நேராக அந்த மேட்டின்மேல் ஏறி இறங்கியது. நான் கத்தினேன், எழுதினேன், நகரத்துப் பத்திரிகைகளைக் கூப்பிட்டேன். கடைசியில் ஒரு குழு போட்டார்கள். குழு சொன்னது இதுதான்: அங்கே இருப்பது பழைய பலகைக் குவியல் என்று பொறியாளர் எழுதியிருக்கிறார்; அப்படியல்ல, ஆளை வைத்த இடம்தான் என்றால், வைத்த அன்று உடனிருந்த உறவினர் ஒருவர் நேரில் வந்து, வைக்கப்பட்டவரின் பெயரைச் சொல்ல வேண்டும். மரியா என்றால் எந்த மரியா என்று கேட்பார்கள். பெயரில்லாவிட்டால் ரோடு நேராகப் போகும். மார்ச் கடைசியில் விசாரணை.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். நாற்பது வருஷத்து ஆசைக்கு அரசாங்கமே ஒரு சாக்கு கொடுத்துவிட்டதே!

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது அத்தானின் பனி மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து அக்காவின் கூடாரத்துக்குப் போனேன். ஆறு மணி நேரம். வெயில் பளிச்சென்று அடித்தது. வழி நெடுக அத்தான் திரும்பித் திரும்பி, "சண்டை போட்டுராத. போட்டாலும் என்னைய நடுவுல விட்டுராத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பூட்ஸுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. கை மட்டும் அப்படியே அம்மாவின் கை. என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க" என்றாள் அத்தானிடம். "வந்தவங்க குளிர்ல வந்திருக்காங்க. அடுப்புப் பக்கம் உக்காரச் சொல்லுங்க."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "அடுப்புப் பக்கம் உக்காரணுமாம்."

"காதுல விழுந்துது, அத்தான்."

"விழுந்துதாம்" என்றார் அவளிடம்.

"மீனு சீவி வச்சிருக்கேன். டவுன்காரங்க இன்னும் பச்சை மீனு திங்கறாங்களா, இல்ல அதையும் வேக வச்சுத்தான் திங்கறாங்களான்னு கேளுங்க."

"ஏன் ரெண்டு பேரும் என் தலைய உருட்டறீங்க? அவ எதுக்காலதானே உக்காந்திருக்கா, நீயே கேளேன்."

"நான் என் புருஷன்கிட்ட பேசறேன். நீங்க யாருகிட்ட பேசறீங்கங்கறது உங்க பாடு."

நான் உறைந்த மீன் சீவலை உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கில் அது கரைந்தபோது எனக்கு ஏழு வயதாகிவிட்டது. பேச்சை எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று.

"அம்மா இடத்துல ரோடு போடறாங்க, அக்கா" என்றேன்.

ஊசி நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோடு, பலகைக் குவியல், குழு, பெயர். அக்கா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். சொல்லி முடித்ததும் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? பேரு வேணுமாம். பேருன்னா இவங்களுக்கு அவ்வளவு ஆசை. என்னுதை எடுத்து அச்சுல போட்டாச்சு. அது தீந்து போச்சு போல. இப்ப அடுத்தது வேணும்."

"அக்கா, அது நான்..."

"உங்க பெரிய அண்ணன் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என் கையால டீ வாங்கிக் குடிக்கல. அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட. அவர் கோவத்துல அப்படிப் பண்ணல. கூச்சத்துல பண்ணாரு. என் மொகத்தப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பேரு ஞாபகம் வந்துதாம் அவருக்கு. நான் என்ன பண்ணுவேன், மொகத்தை மூடிக்கிட்டா இருப்பேன்?"

இதை அத்தான் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வாயில் எதுவும் நிற்காதவர் என்று நான் நினைத்திருந்த அத்தான். அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் கோபத்தைத்தான் பேசுவேன். அது என் சுபாவம். "தப்புதான். ஆயிரம் தடவை தப்பு. ஆனா நீ நாலு குளிர்காலம் கூடுதலா அம்மா பக்கத்துல படுத்திருக்கே. அவ கையால தின்னிருக்கே. அவ போகும்போது பக்கத்துல இருந்திருக்கே. எனக்கு என்ன இருக்கு? அவ மொகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா. கோடை கோடையா வந்தும் மனசுல நின்னது தோளும் முதுகும்தான், அதுவும் ஹெலிகாப்டர்லேருந்து பாத்தது. பேரையாவது எனக்குத் தரக்கூடாதா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏங்க" என்றாள் அக்கா, முன்னைவிட மெதுவாக. "ரோட்டுக்காகக் கேக்கறாங்களா, தனக்காகக் கேக்கறாங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன். எனக்காகத்தான் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நான் கிளம்பும்போது அக்கா, "போறவங்க வாசல் தோலை ஒழுங்கா மூடிட்டுப் போகச் சொல்லுங்க, சூடு போவுது" என்றாள்.

விசாரணை டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே மேஜை, மேஜையில் தண்ணீர் பாட்டில்கள், சுவரில் வரைபடம். குழுத் தலைவர் ரோதியோன் ஆர்கதியெவிச் கெட்ட மனிதர் அல்ல. ஜலதோஷம் பிடித்த மனிதர். பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டேயிருந்தார். பொறியாளர் பெண் தன் படங்களை அடுக்கி வைத்திருந்தாள். நான் பதினேழு மரியாக்களில் ஒருத்தியின் பதிவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது ஒரு பொய்ப்பெயரைச் சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். அம்மாவுக்குப் பொய்ப்பெயர் வைக்க வாய் வரவில்லை. சொன்னாலும் பலிக்காது, வைத்த அன்று நான் உடனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

"சாட்சி இல்லைன்னா முடிச்சுக்கலாம், கிளாவ்தியா நிகிதிச்னா" என்றார் தலைவர். அது பாஸ்போர்ட்டில் என் பெயர்.

அப்போது கதவு திறந்தது. மான்தோல் அங்கியோடு அக்கா உள்ளே வந்தாள். பின்னால் அத்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. இருபது வருஷமாக டவுன் பக்கமே வராதவள். கூடத்தின் நடுவே மைக் ஒயர், கடைசி வரிசை நாற்காலியடியில் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து மேஜைவரை தரையில் ஓடியிருந்தது. அக்கா அதன் முன்னால் வந்து நின்றாள். எங்களில் பெண்கள் கயிற்றைத் தாண்ட மாட்டோம், தாண்டினால் தீட்டு. அது சுருக்குக் கயிறானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி. அவள் ஒயரின் ஓரமாகவே பின்சுவர் வரைக்கும் நடந்து, கடைசி வரிசை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாகத் திரும்பி வந்தாள். கூடம் முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. காலையிலிருந்து நான் அதை எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மொழிபெயர்க்க ஆள் வரல. நீங்களே சொல்லிடுங்க" என்றார் தலைவர் என்னிடம். "அடக்கம் செய்யும்போது இவங்க இருந்தாங்களா?"

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "அம்மாவ வச்சப்ப நீ இருந்தியான்னு கேக்கறார், அக்கா."

அக்கா அத்தானைத் தேடவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்தாள். "இருந்தேன்டி. எனக்குப் பதிமூணு வயசு."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் எனக்குக் கொடுத்த முதல் பேச்சில் ஒரு 'டி' இருந்தது. தலைவர், "என்ன சொல்றாங்க?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் மொழிபெயர்த்தேன். 'டி'யை விட்டுவிட்டேன். அது அவர்களுக்கானது இல்லை.

அக்கா சொல்லச் சொல்ல நான் சொன்னேன். பெட்டிக்குப் பலகை அறுத்தது அப்பா. செத்தவரோடு போகிற சாமானை உடைத்துத்தான் வைப்போம்; வண்டியின் இடது சட்டத்தை உடைத்தது பெரியப்பா. "கெட்டில்ல ஓட்டை போட்டது நான். ஆணியால, மூக்குக்குக் கீழ. மொத தடவை ஓட்டை விழல. மறுபடி அடிச்சேன். ரெண்டு தழும்பு இருக்கும், பாக்கச் சொல்லு." பொறியாளர் பெண் தன் படங்களைப் புரட்டினாள். துருப்பிடித்த கெட்டிலின் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு அதைத் தலைவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். நல்ல பெண்தான்.

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "சரி. இறந்தவங்க பேர்?"

இப்போது வரப்போகிறது. அம்மாவின் பெயர். நான் அதைக் கேட்டு, என் வாயாலேயே திருப்பிச் சொல்லப்போகிறேன். என்னை அறியாமல் அக்காவின் பக்கம் சாய்ந்து, காதைக் கொடுத்தேன்.

"எழுதிக்கச் சொல்லு" என்றாள் அக்கா. சொன்னாள்.

அவள் சொன்னது அவளுடைய பெயரை.

அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? மறந்துட்டியா? நீதானே அச்சுல போட்டே" என்றாள். "சத்தமாச் சொல்லுடி. கடைசி வரிசைல இருக்கறவனுக்கும் கேக்கட்டும். இந்தத் தடவை நான் சொல்லித்தான் நீ சொல்றே."

சொன்னேன். உரக்கச் சொன்னேன். மேஜையோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் புரியாமல் திரும்பக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அத்தான் தன் தொப்பிக்குள்ளே எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டிருந்தார். அக்காவின் பாஸ்போர்ட்டில் அவள் தமாரா, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மேஜையில் இருந்த ஒருவரும் என் புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. எழுதுகிறவளாக நான் அதற்காகச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கையெழுத்தாயிற்று. ரோடு நானூறு மீட்டர் தள்ளி வளைந்து போகும் என்றார் தலைவர். பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

வெளியே அத்தான் வண்டியைக் கிளப்பப் போனார். அக்கா பள்ளிச் சுவரோரம் வெயிலில் நின்றாள். நான் கிட்டே போனேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே? உசிரோட இருக்கறவ பேரைச் செத்தவங்க பட்டியல்ல..."

"அம்மா பேரைக் குடுத்தா அதையும் பலகைல எழுதி நட்டு வைப்பாங்க. ரோட்டுல போற லாரிக்காரன்லாம் வாசிப்பான். அவளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். "என் பேரு மிதிபட்ட பேரு. மிதிபட்டதை எங்க போட்டா என்ன? அது ஒண்ணுக்காவது ஆச்சே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. "அவங்களுக்கு வேண்டாம்க்கா. சரி. எனக்கு மட்டும் சொல்லேன். இங்க யாரும் இல்ல. காதுல சொல்லு, போதும்."

அக்கா கையுறையைக் கழற்றினாள். என் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். சின்ன வயதில் செய்ததைப் போலவே கொஞ்சம் வலிக்கிற மாதிரி இறுக்கினாள்.

"நீ எழுதிடுவடி" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பி, "மே மாசம் மந்தையோட அந்த வழியாத்தான் போவோம். வரதுன்னா வா" என்று கத்தினாள்.

போனேன். பனி இளகத் தொடங்கியிருந்தது. மேட்டுக்குத் தள்ளி, ரோட்டுக்கு நட்டிருந்த சிவப்புக் கொடிகள் வளைந்து ஆற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. மேட்டின் அடியில் புதுப் பலகை. அக்கா அதன் முன்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுல என் பேரா இருக்கு?"

"ஆமாக்கா."

"பெருசாவா?"

"பெருசாத்தான் எழுதியிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. நான் வந்து படுக்கும்போது எடம் தேட வேண்டாம்" என்று சிரித்தாள். அத்தான், "வாயைக் கழுவு" என்று அதட்டினார்.

மேலே ஏறினோம். பெட்டியின் பலகைகள் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தன. கெட்டில் அங்கேயே கிடந்தது, மூக்குக்குக் கீழே இரண்டு தழும்போடு. நாற்பத்தொரு வருஷமாக நான் இங்கே வந்து நின்றதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா" என்றேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அக்கா மணியின் நாக்கைப் பிடித்து அடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கீழ நம்ம வண்டிகிட்ட போ. நான் பேசிட்டு வரேன்" என்றாள்.

நான் இறங்கிப் போய் வண்டியருகே நின்றேன். அக்கா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, என் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள். மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் முதுகைக் காட்டியிருக்கலாம். காற்று என்னிடமிருந்து அவள் பக்கமாக வீசியது. ஒரு சத்தமும் எனக்கு வந்து சேரவில்லை. முதலில் அவள் கூப்பிட்டாள்; கூப்பிட்டது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அம்மாவின் பெயரைச் சொல்லும்போது உதடு இரண்டு தடவை சேர்கிறது. இதைக்கூட எழுதிவிட்டேன், பாருங்கள்.